பூக்கிற அன்றைக்குக் கையெழுத்து

கோயா, 6 ஜூலை 1987

திரு. எவாரிஸ்தோ லெய்வா அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வானொலியில் கேட்டிருப்பீர்கள், நம் நாட்டிலும் விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. ஆறு மாத ஒப்பந்தம் என்று சொல்லித் தெற்கே போனீர்கள், நான்கு வருடம் ஆகிறது. கல்யாணமானவள் என்றும் சொல்ல முடியாமல், ஆகாதவள் என்றும் சொல்ல முடியாமல் நான் இருந்தது போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் முடியும் என்று வக்கீல் அம்மா சொல்கிறார். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கிட்டப் பார்வை சரியில்லை என்பதால் பெரிய புள்ளி.

கூரை ஓர் இடத்தில் ஒழுகியது. ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

டெல்மிரா அகுய்ரே


ரியோ காஷேகோஸ், 2 ஆகஸ்ட் 1987

டெல்மிரா,

பதினோரு வருடம் "ஏய் எவாரிஸ்தோ, காலைத் துடைச்சிட்டு உள்ள வா" என்று கத்திய வாயா இது? 'திரு'வையும் 'அவர்களுக்கு'வையும் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோய், நாற்காலியைத் தேடி உட்கார்ந்துதான் மீதியைப் படித்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். நீ கேட்டு நான் மறுத்ததாக ஊரில் பேச்சு வர வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது.

வெள்ளம் என் படகு எஞ்சின் பட்டறையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போன வருடம், பேருந்து நிலையத்தில் வைத்து உன்னையும் கூட வரச் சொன்னேன். "மல்லிகை வளராத ஊர்ல நான் எப்படி இருப்பேன்?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நான்கு வருடமாக அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரியுமா?

இங்கே டிசம்பரில் ஒரு முறை, அனுமதி முத்திரையெல்லாம் வாங்கிக்கொண்டு வடக்கிலிருந்து செடி வண்டி வரும். மல்லிகை இருக்கிறதா என்று கேட்டால் வண்டிக்காரன் இல்லை என்றே சொல்வதில்லை. முதல் வருடம் கொடுத்தது தடித்த இலை, எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு, ஒவ்வொரு பூவும் முட்டை அளவு. இந்த ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்து மஞ்சளாகிச் செத்தது. அடுத்த வருடம் ஒரு கொடி. வெள்ளைப் பூ, மணமும் பரவாயில்லை. ஆனால் காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தது. நம் வீட்டுக் கொடியை சைக்கிள் கைப்பிடியால் எத்தனை முறை ஒடித்திருக்கிறேன், ஒரு நாளும் பால் பார்த்ததில்லை. மூன்றாவது, மொட்டைக் குச்சியில் மஞ்சள் பூ. குளிரைப் பற்றிக் கவலையே இல்லாமல் பூத்தது. மோந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர்.

துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது எது? எழுது. முடிந்தால் ஒரு குச்சி அனுப்பு. அது என் வீட்டில் பூக்கிற அன்றைக்கு மூன்று புள்ளியிலும் கையெழுத்து. அதுவரை மாட்டேன். இதை மிரட்டல் என்று நினைக்காதே. வீம்பு என்று நினைத்துக்கொள், அது சரியாக இருக்கும்.

அங்கே யாராவது காத்திருக்கிறாரா? கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

எவாரிஸ்தோ


கோயா, 24 ஆகஸ்ட் 1987

எவாரிஸ்தோ,

பதினோரு வருடம் அதன் மேல் சைக்கிளைச் சாய்த்தாய், கிரீஸ் துணியைக் காயப்போட்டாய், ஞாயிற்றுக்கிழமை அதன் நிழலில் வானொலியில் சமாமே பாட்டு கேட்டுக்கொண்டு தூங்கினாய். அது எப்படி இருக்கும் என்று இப்போது என்னிடம் கேட்கிறாய். நல்ல வேளை, என் முகம் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.

சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலை இருக்கும், ஜோடி ஜோடியாக. நுனியில் இருப்பது மட்டும் தனியாக, மற்றவற்றைவிட நீளமாக. தண்டு மெல்லியது, கிள்ளினால் பால் வராது. மொட்டின் வெளிப்புறம் ரோஜா நிறம். அதைப் பார்த்துப் பூவும் சிவப்பு என்று நினைத்தால் ஏமாந்து போவாய். திறந்தால் வெள்ளை. கொத்துக்கு முப்பது, நாற்பது. ஊரில் மற்ற செடியெல்லாம் குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும்போது ஆகஸ்டிலேயே பூத்துவிடும். இதை எழுதும்போது சன்னலுக்கு வெளியே பூத்திருக்கிறது. தலை வலிக்கிற அளவுக்கு மணம்.

வெள்ளத்தில் பத்தொன்பது நாள் தண்ணீருக்குள் நின்ற கொடி இது. நீ போன பிறகுதான் அடியிலிருந்து துளிர்விட்டது. அதை நீ பார்க்கவே இல்லை.

தெற்கே செடியோ பழமோ கொண்டுபோகக் கூடாது என்று வழியில் சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்களாம். என் சித்தப்பா மகன் தொரிபியோ அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறான். வேர்விட்ட குச்சி மூன்றை ஈரப் பஞ்சில் சுற்றி, மாத்தே இலையில் ஊற்ற வெந்நீர் வைக்கும் என் பிளாஸ்குக்குள் வைத்து அவனிடம் கொடுக்கிறேன். அந்த பிளாஸ்க் எனக்குத் திரும்பி வர வேண்டும்.

சீக்கிரம் பூக்க வை. சீக்கிரம் கையெழுத்துப் போடு. யார் காத்திருக்கிறார் என்பது உனக்கு வேண்டாத வேலை.

டெல்மிரா


ரியோ காஷேகோஸ், 15 நவம்பர் 1987

டெல்மிரா,

குச்சி வந்தது. தொரிபியோவும் வந்தான். இரண்டு நாள் என் வீட்டில் தங்கி, அரை ஆட்டைத் தின்றுவிட்டுப் போனான். நடந்ததை அவன் வாயாலேயே கேட்டால்தான் உனக்குப் புரியும்.

சாவடியில் வண்டியை நிறுத்தி மூட்டையெல்லாம் குத்திப் பார்த்தார்களாம். கடைசியில் நம் ஊர்ப் பக்கத்து அதிகாரி ஒருவர் கண்ணில் இருக்கையில் கிடந்த பிளாஸ்க் பட்டிருக்கிறது.

"அப்பாடா, கோயாக்காரரா நீங்க? ஒரு மாத்தே போடுங்க, காலைல இருந்து வாய் காஞ்சு கெடக்கு" என்றாராம்.

"தண்ணி ஆறிப் போச்சுங்க" என்றிருக்கிறான் இவன்.

"ஆறினா என்ன, ஊருக்காரன் கையால குடிச்சா போதும்."

"எனக்குத் தொண்டைல புண்ணுங்க. ஒரே குழல்ல குடிச்சா உங்களுக்கும் ஒட்டிக்கும்."

அதிகாரி இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாத்தே கேட்டவனுக்கு இல்லன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன். போ போ" என்று விட்டுவிட்டாராம். தொரிபியோ இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "மச்சான், எங்க வம்சத்துலயே இப்படி ஒரு அவமானம் நடந்ததில்ல. உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் மானத்த வித்துட்டேன்" என்றான்.

மூன்றில் இரண்டு போய்விட்டது. ஒன்று பிழைத்துக்கொண்டது. நீ சொன்ன அடையாளத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு சிற்றிலை, நுனியில் நீளமாக ஒன்று. கிள்ளினேன், பால் இல்லை. (ஒரே ஒரு இலைதான். திட்டாதே.) அதுதான். அதேதான்.

நீ கவலைப்படாதே, ராஜா மாதிரி வைத்திருக்கிறேன். இங்கே எரிவாயுக் கணப்பு அடுப்பை யாரும் அணைப்பதில்லை. வெளியே பனி கொட்டும்போது நாங்கள் உள்ளே பனியனோடு உட்கார்ந்து, புழுக்கம் தாங்காமல் சன்னலைத் திறந்துவிடுவோம். இந்த ஊரே அப்படித்தான். கொடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட அதற்குக் குளிர் தெரிய விடமாட்டேன்.

பிளாஸ்கை அடுத்த நடையில் அனுப்புகிறேன்.

எவாரிஸ்தோ


கோயா, 10 டிசம்பர் 1987

எவாரிஸ்தோ,

உன் கடிதம் கிடைத்தது. செடி பிழைத்ததில் சந்தோஷம்.

உரத்தைப் பற்றி: பழைய மாத்தே இலையைக் காயவைத்து மண்ணில் கலந்துவிடு. தண்ணீர் அளவாக ஊற்று. சுண்ணாம்புத் தண்ணீர் வேண்டாம், பனி விழுந்தால் அதை உருக்கி ஊற்று. படர ஒரு கயிறு கட்டிக் கொடு. நுனியை ஜனவரிக்குப் பிறகு வெட்டாதே, வெட்டினால் அந்த வருடம் பூ இருக்காது.

வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

தொரிபியோ சாவடிக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். இப்போது கடையில் எல்லோரும் "என்ன டெல்மிரா, மாப்பிள்ளை வீட்ல பூத்துருச்சா?" என்று கேட்கிறார்கள். உன்னை விட்டுப் பிரிவதற்கு முன்னால் எனக்கு இந்த அசிங்கம் வேறு.

டெல்மிரா


ரியோ காஷேகோஸ், 20 மே 1988

டெல்மிரா,

கொடி திரைச்சீலைக் கம்பியைத் தாண்டி, கடிகாரத்தைச் சுற்றி, கூரை விளக்கு வரை போய்விட்டது. இலைதான். வீடு முழுக்க இலை. ஒரு மொட்டு இல்லை. நீ சொன்னதெல்லாம் செய்தேன். பனியை வாளியில் அள்ளி வந்து உருக்குகிறேன், அக்கம்பக்கத்தில் எனக்குப் பைத்தியம் என்று முடிவே செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு எர்சிரா அம்மாள் நேற்று வந்து நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு தீனி போட்டா எது வேலை செய்யும்? உங்கள மாதிரிதான் ஆகும்" என்றாள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. காலையில் எழுந்ததும் அந்த இலைக்குப் பின்னால் துவைக்கும் கல் இருப்பதுபோல் ஒரு நினைப்பு வருகிறது. நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டே என்னைத் திட்டுகிற சத்தம் கேட்கிறது. என்ன திட்டினாய் என்பது மறந்துவிட்டது. சத்தம் மட்டும் இருக்கிறது. அது எனக்கு அங்கே இருந்தபோது பிடிக்கவே பிடிக்காது.

ஜூன் தொடக்கத்திலிருந்து ஆறு வாரம் எண்ணெய்க் கிணற்று முகாமில் பம்பு வேலை. சாவியை எர்சிரா அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். தண்ணீர் ஊற்றுவாள்.

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். வேண்டாத புருஷனுக்கும் அப்படித்தானா?

எவாரிஸ்தோ


கோயா, 14 ஜூன் 1988

எவாரிஸ்தோ,

இது முகாமுக்கு வந்து சேருமா, நீ திரும்பி வந்துதான் படிப்பாயா என்று தெரியவில்லை.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் கைக்குட்டையெல்லாம் கயிற்றில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. நம் கொடி அப்படியே நிற்கிறது.

உன் செடி பூக்காவிட்டால் பரவாயில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொண்டு பனி சுமக்காதே, உனக்கு முதுகு வலி உண்டு.

யாரும் காத்திருக்கவில்லை. போன வருடம் நீ கேட்டாயே, அதற்குப் பதில்.

இன்னொன்று எழுத நினைத்தேன், வேண்டாம்.

டெல்மிரா


ரியோ காஷேகோஸ், 19 செப்டம்பர் 1988

டெல்மிரா,

பூத்துவிட்டது.

இன்று காலை, ஒன்று. மொட்டுகளை எண்ண ஆரம்பித்து இருநூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன். எல்லாம் நீ சொன்ன ரோஜா நிறம். திறந்தது மட்டும் வெள்ளை. ஒரே ஒரு பூவுக்கு வீடு முழுக்க மணம். உலை ஏற்றிவிட்டு அதை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன், பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கருகல் வாசனையையும் தாண்டி மல்லிகை வந்தது.

எப்படிப் பூத்தது என்று கேள். முகாமிலிருந்து ஜூலை நடுவில் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். வீடு ஐஸ் பெட்டி. அடுப்பில், தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கு விரல்நுனி போல ஒரு சுடர், அவ்வளவுதான். இலையெல்லாம் கறுஞ்சிவப்பாகிக் கிடந்தது. நேரே எர்சிரா அம்மாள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"ஏம்மா, கொன்னுட்டீங்களே!"

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு அவ்வளவு தீ? நான் பொறந்து வளந்த தீவுல பெத்த புள்ளைக்குக்கூட இவ்வளவு சூடு வைக்க மாட்டோம். ஒரு செடிக்கு வைக்கிறாராம், செடிக்கு!"

நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. அடுப்பைத் திரும்பப் பெரிதாக்கவும் மனம் வரவில்லை, செத்ததற்கு எதற்கு என்று செடியை வாசல் கண்ணாடி அறையில் ஒதுக்கிவைத்தேன். காற்றை மறிக்க இங்கே எல்லா வீட்டு வாசலிலும் உண்டு, சப்பாத்தைக் கழற்றும் இடம். ஆகஸ்டு கடைசியில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். கணுவுக்குக் கணு, கடுகு மாதிரி மொட்டு.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நமக்குக் கல்யாணமாகி ஏழோ எட்டோ வருடம் இருக்கும், குளிரே இல்லாமல் ஒரு குளிர்காலம் போனது. ஆகஸ்டில் நீ கொடிக்குக் கீழே நின்று, "இந்த வருஷம் இதுக்குக் குளிர் பத்தல, அதான் மொட்டே வைக்கல" என்றாய். நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது, டெல்மிரா. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று எழுதினேன். நீ உரத்தைப் பற்றி எழுதினாய். ஏன் சொல்லவில்லை? நான் தோற்க வேண்டும் என்றா? அப்படியானால் உனக்கும் கையெழுத்து கிடைத்திருக்காதே. எத்தனை யோசித்தும் எனக்குக் கணக்கு வரவில்லை.

சொன்ன சொல் சொல்தான். மூன்று புள்ளியிலும் போட்டுவிட்டேன். உன் புள்ளி பெரிதாகத்தான் இருந்தது, ஆனாலும் கையெழுத்து கோணிவிட்டது. இத்துடன் அந்த முதல் பூவையும் வைத்திருக்கிறேன். வந்து சேரும்போது பழுப்பாகியிருக்கும், மணம் இருக்குமா தெரியாது.

இது பூத்தால் நான் ஜெயித்தேன் என்று நினைத்திருந்தேன். மல்லிகை வளரும் ஊர்தான் இது என்று உனக்குக் காட்டிவிடலாம் என்று. இப்போது காட்டிவிட்டேன், உன்னை இழந்துவிட்டேன். இதைவிட அந்த இலைகளே தேவலை. பூ வேண்டும் என்று கேட்ட அன்றைக்கே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் எனக்கு எது சரியான நேரத்தில் தெரிந்திருக்கிறது?

நன்றாக இரு.

எவாரிஸ்தோ

பி.கு.: பிளாஸ்கை நான் இன்னும் அனுப்பவில்லை. மறந்துவிடவில்லை. அனுப்பவில்லை.


கோயா, 28 செப்டம்பர் 1988

எவாரிஸ்தோ,

பூ பழுப்பாகத்தான் வந்தது. உறையைப் பிரித்ததும் மணம் இருந்தது.

நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். எனக்குத் தெரியும். நவம்பரில் நீ எழுதிய கடிதத்தில் 'அடுப்புக்குப் பக்கத்திலேயே' என்ற வார்த்தையைப் படித்ததும் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். இந்த ஜென்மத்தில் இது அங்கே பூக்காது என்று தெரிந்துபோனது. "முட்டாளே, அதைத் தூக்கிக் குளிரில் வை" என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். பிறகு உரத்தைப் பற்றி எழுதினேன். ஜூனில் மறுபடி எழுத வந்தேன். மறுபடி முடியவில்லை. சொன்னால் பூக்கும். பூத்தால் கையெழுத்துப் போடுவாய். உன்னை எனக்குத் தெரியும், சொன்னால் செய்கிற பிடிவாதக்காரன். அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுத உனக்கு என்ன காரணம் இருக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மொத்தமாகத் திட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முதல் நாளே வக்கீல் அம்மா என்னிடம், "மூணு வருஷத்துக்கு மேல பிரிஞ்சு இருக்கீங்க இல்ல? அவரு கையெழுத்தே வேண்டாம். நீங்க ஒருத்தரே கேக்கலாம்" என்றார். நான், "இல்லம்மா, அவருக்கும் எழுதிக் கேட்டுடலாம்" என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தாரே, நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நான்கு வருடம் நீ ஒரு வரி எழுதவில்லை. உன்னிடமிருந்து ஒரு கடிதம் வாங்க எனக்கு நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

பேருந்து நிலையத்தில் சொன்னது மல்லிகையைப் பற்றி இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மாதம் நான் சுவரிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நீ ஒரு வாரத்தில் வேலை தேடி, பயணச்சீட்டு வாங்கி, பெட்டி கட்டிவிட்டு, வண்டி கிளம்பும்போது "நீயும் வாயேன்" என்றாய். வாயில் வந்ததைச் சொன்னேன். வேறு மனிதனாக இருந்தால் இறங்கி வந்து, "என்ன கோபம்?" என்று கேட்டிருப்பான். நீ வருடா வருடம் செடி தேடியிருக்கிறாய்.

காகிதத்தை அடுப்படி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து மூன்று இருக்கிறது, என்னுடையது இல்லை. அது அங்கேயே தொங்கட்டும். நீ மறுபடி எப்போதாவது கொடி மேல் சைக்கிளைச் சாய்த்தால் எடுத்துக்கொள்வேன்.

தொரிபியோ வருகிற நாலாம் தேதி அரிசி ஏற்றுகிறான். முன் இருக்கை காலியாக இருக்கிறதாம். "வாங்கக்கா, ஆனா இந்தத் தடவ பிளாஸ்குல வெந்நீர் மட்டும்தான் இருக்கணும். அந்த அதிகாரிக்கு நான் ஒரு மாத்தே கடன்பட்டிருக்கேன்" என்கிறான். அவனுடைய பிளாஸ்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், என்னுடையது உன்னிடம் இருக்கிறது. நான் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பார்க்க வருகிறேன், அவ்வளவுதான். எட்டாம் தேதி வந்து சேருவோம்.

அதுவரை செடியை வீட்டுக்குள் கொண்டுவராதே. சூட்டில் எல்லாம் ஒரே வாரத்தில் திறந்து கொட்டிவிடும். கண்ணாடி அறையிலேயே இருக்கட்டும், குளிரில் மெதுவாகத் திறக்கும், ஒரு மாதம்கூட நிற்கும். இதை ஒரு வருடம் முன்னால் எழுதியிருக்க வேண்டும், இப்போது எழுதுகிறேன்: அடுப்பைக் குறைத்து வை, எவாரிஸ்தோ. எனக்கு நல்ல கம்பளிச் சட்டை இருக்கிறது.

டெல்மிரா